சன்னல் வளைவின் ஞானப்பல்

ஹமீது பாய் என்னை அலுவலகத்தில் கூப்பிடுகிறவர் அல்லர். சூலியா வீதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே, பேச வேண்டுமானால் நேரில் வருவார், இல்லையென்றால் பேசமாட்டார். ஆகவே செபராங் ஜெயாவில் என் மேசைத் தொலைபேசியில் அவர் குரல் கேட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"நாதா, டாக்டரம்மா போயிட்டாங்க லா. காலையில, க்ளினிக்குக்குக் கெளம்பி, செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கப்பவே."

எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு டாக்டரம்மாதான். பல் மருத்துவர் மங்களேஸ்வரி. பினாங்குத் தமிழர்களில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்தவர்கள். மீதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறக்கப் பயந்தவர்கள்.

ஃபெர்ரி பிடித்துக் கெலுகோரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைந்திருந்தது. டத்தோ குணசீலன் பேசிக்கொண்டிருந்தார். டத்தோ பட்டம் கிடைக்கும் முன்பு வெறும் வழக்கறிஞர் குணசீலன். எங்கள் ஸ்லாட் கார் சங்கத்துக்கு நிரந்தரத் தலைவர். "மேடத்தோட பொழுதுபோக்குக்கு எங்க சங்கம் எப்பவுமே துணை நின்னுச்சு" என்றார். கூட்டம் தலையாட்டியது. அடுத்த வாக்கியத்தின் நடுவில் அவர் திடீரென்று நின்றுவிட்டார். மூக்கைத் தொட்டார், சன்னல் பக்கம் பார்த்தார், சொல்ல வந்ததை மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த பெண்மணி, "பாவம், மனசு தாங்கல" என்றார். அது மனசு அல்ல. எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன், சங்கம் துணை நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். அவரை அறிந்த உங்களில் பலர் அதை அறியமாட்டீர்கள். மறுநாள் பத்திரிகையில் வந்த அறிவிப்பில் அவருடைய பட்டம் இருந்தது, கோயில் திருப்பணிகள் இருந்தன; அவர் கையால் செய்த கார்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் அவரை முதலில் பார்த்தது படுத்த நிலையில். எழுபதுகளின் கடைசி. கடைவாய்ப் பல் வலி என்று போயிருந்தேன். நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனார். பக்கத்துத் தட்டில் இடுக்கிகளுக்கும் ஊசிகளுக்கும் நடுவே பித்தளைத் தகடும் எஃகுக் கம்பியும் சேர்த்துப் பற்றவைத்த ஒரு சட்டம் கிடந்தது. என் உள்ளங்கையை விட நீளம். அதை என் வாய்க்குள் மாட்டப்போகிறார் என்று எண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"படுத்திரும், படுத்திரும். அது உமக்கில்லை" என்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. "அது காருக்கு."

"ஸ்லாட் கார் சேசியா?" என்றேன். வாயில் பஞ்சு வைக்கும் முன் நான் கேட்ட கடைசிக் கேள்வி அது. அவர் கை நின்றது.

"நீர் ஓட்டுவீரா?"

நான் தலையாட்டினேன். பினாங்கு வீதியில், ஒரு பழைய செட்டியார் கிட்டங்கிக் கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் சங்கம் இருந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளை இணைத்து ஒரு பெரிய ஓடுபாதை, அதில் வரிசையாகப் பள்ளக்கோடுகள், கோட்டின் இரு கரையிலும் மின்சாரம் தரும் செப்பு நாடா. காரின் மூக்கிலுள்ள முள் பள்ளத்தில் ஓடும். நம் கையில் ஒரு விசை மட்டும். அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் அதிகம் அழுத்தினால் கார் பறந்து சுவரில் மோதும். குழந்தை விளையாட்டு என்பார்கள். என் மனைவியும் சொன்னாள். பதவி உயர்வு நேர்முகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தப் பதவி அவர் மருமகனுக்குப் போனது. அது வேறு கதை.

டாக்டர் சிங்கப்பூரில் படித்த காலத்தில் அங்கே கடைக்குக் கடை ஸ்லாட் கார் பாதை இருந்ததாம். அங்கே பிடித்த பித்து. ஆனால் ஓட்டத்தான் வராது. "எனக்குப் பொறுமை இல்லை. அழுத்தினால் அழுத்தினதுதான். நான் செய்யிறன், நீர் ஓட்டும்" என்றார் என் பல்லைக் குடைந்தபடியே. மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறவனிடம்தான் அவர் எப்போதும் ஒப்பந்தம் பேசுவார்.

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த பதினைந்து வருடங்களில் நாங்கள் சண்டை போடாத வாரம் இல்லை.

காரின் அடிச்சட்டமான சேசியை அவர் செய்த முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்றவர்கள் அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பெட்டியில் வரும் ஆயத்த சேசியை வாங்குவார்கள். ஓரிருவர் சொந்தமாகச் செய்வதுண்டு. கண்ணாடிப் பலகையில் வைத்து அளந்து, மயிரிழை கோணல் இல்லாமல் தட்டையாக்குவார்கள். டாக்டர் கண்ணாடியைத் தொடவே மாட்டார். பல் வரிசையை நேராக்கும் கம்பியால் நடுச்சட்டம். அதன் இரு பக்கமும் சின்னக் கீல்களில் தொங்கும் பித்தளைத் தட்டுகள். தொட்டால் லொடலொடவென்று ஆடும். முதல் தடவை பார்த்தபோது எங்கோ பற்று விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவர் கைப்பையிலிருந்து ஒரு நீலத்தாளை எடுப்பார். பல்லில் அடைப்பு வைத்த பின் கடித்துப் பார்க்கச் சொல்வார்களே, அதே தாள். பாதையின் மேல் அதை விரித்து, காரை அதன் மேல் மெல்ல உருட்டுவார். பிறகு காரைக் கவிழ்த்துப் பார்ப்பார். தட்டில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே பாதை இடிக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் அரத்தை இரண்டு இழுப்பு. மறுபடி தாள், மறுபடி உருட்டல். ஒவ்வொரு வளைவிலும் இதே வேலை. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் செய்வதை அவர் பாதைக்கும் காருக்கும் செய்தார்.

"நேராக்கலாமே டாக்டர், எவ்வளவு கோணல்" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நேரா இருக்கிற பல்லு எல்லாம் நல்ல பல்லு இல்லை, நாதன். பொருந்தி இருக்கிறதுதான் நல்ல பல்லு."

எங்கள் பாதையில் பொருந்த வேண்டிய இடம் ஒன்று இருந்தது. கிட்டங்கியின் நடுவில் வானம் பார்த்த முற்றம். மேல்மாடிச் சன்னல்கள் அந்த முற்றத்துக்குள் திறக்கும். அந்தப் பக்கத்து வளைவைச் சன்னல் வளைவு என்போம். அதன் வாயில் இரண்டு பலகைகள் சேரும் இடம் கடற்காற்றை வருடக் கணக்கில் குடித்து மெல்லப் புடைத்திருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். ஆனால் தரையோடு தரையாக ஓடும் கார் அதில் வயிற்றை இடித்துத் துள்ளும். டாக்டர் அதற்கு ஞானப்பல் என்று பெயர் வைத்தார். "எல்லாருக்கும் தொல்லை, ஒருத்தரும் பிடுங்க மாட்டீங்கள்" என்றார். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உட்பட மொத்தச் சங்கமும் அதை ஞானப்பல் என்றே அழைத்தது.

இன்னொன்று, அந்த எண்ணெய். பின்சக்கரங்களின் பஞ்சு ரப்பர் பாதையைப் பிடிக்க ஆளாளுக்கு ஏதாவது தடவுவார்கள். டாக்டர் தடவியது நம் ஊர் ஜாதிக்காய் எண்ணெய், முழங்காலுக்குத் தேய்க்கும் அதே சின்னப் பாட்டில். ரப்பர் இளகி ஒட்டும். ஆனால் கூடம் முழுக்க வாசனை அடிக்கும். குணசீலன் நுழையும்போதெல்லாம் கைக்குட்டையை எடுப்பார். "மேடம், இது ரேஸ் ஹாலா, மூட்டுவலி வார்டா?"

"உங்கட வயசுக்கு ரெண்டும் வேணும்" என்பார் டாக்டர். இருவருக்கும் ஒரே வயது.

புதிதாக முடித்த ஒரு காரை அவர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எடுத்துப்போனது நினைவிருக்கிறது. அதற்கு முந்திய வாரம் ஹமீது பாய்தான் கிண்டலாகச் சொல்லியிருந்தார்: "புது கெரெத்தான்னா பூசை போடணும்ல, டாக்டரம்மா?" கெரெத்தா என்றால் மலாயில் கார். டாக்டர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. வாகன பூசைக்குச் சீட்டு வாங்கினார். குருக்கள் தட்டோடு வெளியே வந்து வாகனம் நிற்கும் இடத்தைப் பார்த்தார். என்னுடைய பழைய கார் மட்டும் நின்றது. "அது பழசு, அதுக்கு இனி முருகனாலயும் ஒண்டும் ஏலாது" என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து வண்டியை எடுத்துப் படிக்கல்லில் வைத்தார் டாக்டர். குருக்கள் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு, நல்ல மனிதர், எதுவும் கேட்காமல் திருநீறும் சந்தனமும் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தபோது கார் தரையிலேயே இல்லை. பழங்களின் மேல் படகு மாதிரி மிதந்தது. "நசுக்கணுமே, எப்படிம்மா நசுக்கறது?" என்றார் குருக்கள். டாக்டர் செருப்பில்லாத தன் காலால் ஒவ்வொன்றாக நசுக்கினார்.

அந்தக் கார்தான் எல்லாவற்றையும் தீர்த்தது.

எண்பதுகளின் நடுவில் குணசீலன் ஒரு விதி கொண்டுவந்தார். கையால் செய்த சேசிகளுக்கு இனிச் சங்கப் பந்தயங்களில் இடமில்லை; ஆலையில் செய்தவை மட்டும். காரணம், சங்கத்தின் தரம். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூர் சங்கத்தோடு கூட்டுப் பந்தயம் நடத்தும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் லொடலொடவென்று ஆடும், முழங்கால் எண்ணெய் மணக்கும் ஒரு வண்டியோடு நிற்க அவருக்கு வெட்கம். செயற்குழுவில் இருந்தவர்கள் அவரிடம் வழக்கைக் கொடுத்திருந்தவர்கள், அல்லது அவர் கட்டடங்களில் வாடகைக்கு இருந்தவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. பகல் முழுக்க மற்றவர்களின் வலியைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, தன் கை முடித்த ஒரு பொருள் ஓடுவதைப் பார்க்கும் இடம் உலகத்தில் அந்த ஒரு மாடிதான். விதி வந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஆயத்த சேசியை வாங்கி ஓட்ட அவருக்கு ஓட்டத் தெரியாது. செய்ய அனுமதி இல்லை. இது குணசீலனுக்கும் தெரியும்.

கூட்டத்தில் டாக்டர் எழுந்தார். "வருசக் கோப்பைப் பந்தயத்தில என்ர கார் உங்கட காரை வெண்டால், இந்த விதியைக் கிழிச்சுப் போடுங்கோ. தோற்றால் நானே கையெழுத்து வைக்கிறன், மாடிப்படி ஏறமாட்டன்."

குணசீலன் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு விரைவாக அவர் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

சந்தேகம் சரிதான். பந்தயத்துக்கு முன்தினம் மாலை நான் பயிற்சிக்குப் போனேன். சன்னல் வளைவில் மரச்சீவல் கிடந்தது. தச்சர் ஒருவர் செப்பு நாடாவைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். ஞானப்பல் இல்லை. சீவி எடுத்துவிட்டார்கள். பலகை கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. "பராமரிப்பு" என்றார் குணசீலன்.

அதன் பொருள் உங்களுக்கு விளங்க வேண்டும். டாக்டரின் கார் அந்தப் புடைப்புக்கென்றே தாள் வைத்து அரம் போட்ட கார். ஆடும் தட்டுகள், உயர்ந்த வயிறு, கூடுதல் எடை. மட்டமான பாதையில் அவையெல்லாம் சுமை. குணசீலனின் ஜப்பான் சேசியோ தரையைத் தொட்டுக்கொண்டு ஓடும், முழுக்கத் தட்டையானது. மட்டமான பாதையில் அதைப் பிடிக்க ஆளில்லை.

நான் கிளினிக்குக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்லி, கீல்களைப் பற்றவைத்து இறுக்கி, தட்டைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வேறொன்று கேட்டார்.

"மேல வார்னிஷ் பூசினவங்களோ?"

"இல்ல. நாளைக்கே ரேஸ், காயாதுன்னு விட்டுட்டாங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். முகத்தில் ஒரு சிரிப்பு. பல்லைக் காட்டாத சிரிப்பு. பல் மருத்துவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் போலும். "எனாமலை எடுத்துப் போட்டாங்கள். இனி அது தண்ணி குடிக்கும்."

"டாக்டர், பந்தயம் நாளைக்கு."

"மழைக்காலமும் நாளைக்குத்தான். வீட்ட போம்."

மறுநாள் பரிசோதனை மேசையில் குணசீலனே எங்கள் காரைக் கண்ணாடிப் பலகையில் வைத்தார். தட்டு ஒரு பக்கம் தூக்கி நின்றது. விரலால் தட்டினார், ஆடியது. கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், உங்க கார் கோணல்."

"ஓம். உங்கட பாதைக்குப் பொருத்தமான சோடி."

சிரிப்பு வந்தது. ஆனால் தகுதிச் சுற்றுகளில் சிரிப்பு எங்கள் மேல் திரும்பியது. மட்டமான பாதையில் எங்கள் கார் கிழவி மாதிரி ஓடியது. நான்கு பேர் போகும் கடைசிச் சுற்றுக்கு நாங்கள் நான்காவதாக, அதுவும் ஒருவர் வளைவில் பறந்ததால், நுழைந்தோம். கோபத்தில் நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் பக்கத்தில் அமர்ந்து சக்கரத்துக்கு எண்ணெய் தடவினார். அன்று மிகத் தாராளமாகத் தடவினார். வாசனை தூணுக்குத் தூண் ஏறியது.

"சன்னலைத் திறங்கப்பா" என்று குணசீலன் கைக்குட்டைக்குள்ளிருந்து கத்தினார். "மூச்சு முட்டுது." முற்றத்துப் பக்கத்துச் சன்னல்கள் எல்லாவற்றையும் அவரே முன்னின்று திறந்துவைத்தார்.

எல்லாரும் கீழே கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனோம். மழை வந்தது. பினாங்கு மழை, கேட்டுக்கொண்டு வராது. முற்றத்தில் தகரக் குழாய்கள் கொட்டின, சாரல் சுவரேறியது. நாங்கள் மேலே திரும்பியபோது சன்னல் வளைவின் ஓரம் நனைந்து பளபளத்தது. ஒருவர் துணியால் துடைத்தார். பாதை காய்ந்த மாதிரித்தான் தெரிந்தது. குணசீலன் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

டாக்டர் நீலத்தாளை எடுத்தார். வளைவின் வாயில் விரித்து, காரை ஒருமுறை உருட்டி, கவிழ்த்து என்னிடம் காட்டினார். தட்டின் அடியில் உளுந்து அளவுக்கு ஒரு நீலப் பொட்டு.

"வந்திட்டுது" என்றார். "பழைய இடத்திலேயே முளைச்சிருக்கு. கொஞ்சம் பெரிசா."

அரத்தைத் தொடவில்லை. காரை என் பாதையில் வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்: "ஞானப்பல்லில விரலை எடுக்காதேயும்."

ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கட்டளை என்று தெரியும். புடைப்பு வரும்போது விரல் தானாக விசையை விடும். வருடக் கணக்கில் பழகிய விரல். விட்டால் காரின் எடை முன்னுக்குச் சரியும், தட்டு இடிக்கும், முள் பள்ளத்தை விட்டு எழும். அழுத்திக்கொண்டே போனால் எடை பின்னால் இருக்கும், தட்டு கீலில் எழுந்து புடைப்பை ஏறித் தாண்டும். அதற்காகத்தான் அந்தக் கீல்கள். இதை அவர் எனக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறார். விளக்கம் என் தலைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியாது.

பந்தய நடுவர் ஹமீது பாய். கொடி இறங்கியது. நேர்ப்பாதையில் குணசீலனின் கார் எங்கள் எல்லாரையும் விட்டுப் பாய்ந்தது. அவர் முகத்தில் வெற்றி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. சன்னல் வளைவின் வாயில் அந்த அழகான, தட்டையான, ஜப்பான் சேசி வயிற்றை இடித்தது. கார் எழுந்தது. திறந்த சன்னலை நோக்கி ஒரு தவளை போல் தாவி, சட்டத்தில் மோதி உள்ளே விழுந்தது. அடுத்த இருவரும் அதைப் பார்த்துப் பயந்து விசையை விட்டார்கள். ஒருவரின் கார் திரும்பி நின்றது, இன்னொருவருடையது ஊர்ந்தது.

என் முறை. விரல் எழத் துடித்தது. நான் அழுத்தினேன்.

'டக்' என்றது. அவ்வளவுதான். தட்டு எழுந்து விழுந்த சத்தம். பல் பொருந்தி மூடும்போது வருமே, அந்தச் சத்தம். கார் வளைவுக்குள் வழுக்கிச் சென்று மறுபக்கம் வெளியே வந்தது.

மறுசுற்றில் மறுபடி டக். குணசீலனின் காரைத் தூக்கி வைத்தார்கள். அது மறுபடி பறந்தது. அவர் விசையை வைத்துவிட்டு, "பாய், டிராக் கெட்டுப்போச்சு, நிறுத்துங்க" என்றார்.

"ரேஸ் ஓடுது லா" என்றார் ஹமீது பாய். "நடுவுல நிறுத்த ரூல் இல்ல. இருக்கற ரூலெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"பலகை புடைச்சிருக்குய்யா."

"சீவச் சொன்னது யாரு? சன்னலைத் தொறந்தது யாரு?"

கூடமே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கணம் மட்டும் கண்ணோரத்தில் டாக்டரைப் பார்த்தேன். அவர் பாதைக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டி, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கார் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டக்குக்கும் தலை மெல்ல அசைந்தது.

மணி அடித்தபோது எங்களுக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் நடுவில் பாதி ஓடுபாதை இருந்தது. குணசீலன் கடைசி. ஹமீது பாய் படியில் நின்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "பெரிய கெரெத்தா வச்சிருக்காரு, சின்னக் கெரெத்தா ஓட்டத் தெரியல."

விதித்தாளை டாக்டர் அங்கேயே வாங்கினார். கிழிக்கவில்லை. நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பரிசுக் கோப்பையின் அடியில் முட்டுக் கொடுத்தார். கோப்பை ஆடாமல் நின்றது.

ஜாதிக்காய் எண்ணெயை அன்று வேண்டுமென்றேதான் அவ்வளவு தடவினார் என்பது ஹமீது பாயின் கட்சி. நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "டயர் காய்ஞ்சு போய்க் கிடந்தது" என்பார், ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. அடுத்த மாதம் குணசீலனுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. அது ஒரு விடுமுறை நாள். ஊரில் திறந்திருந்தது ஒரே கிளினிக். நான் ஏதோ வேலையாக அங்கே போயிருந்தேன், உண்மையாகவே ஏதோ வேலைதான். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் அவர் வாயில் கண்ணாடியை விட்டு வெகு நேரம் பார்த்தார். வலிக்கிற பல்லுக்கு வேண்டியதைச் செய்தார். பிறகு சொன்னார்: "முன்பல்லு ரெண்டும் நல்ல கோணல். ஆனா பொருந்தி இருக்கு. நான் தொடமாட்டன்." குணசீலன் வாய் நிறையப் பஞ்சோடு ஏதோ சொன்னார். "பிறகு கதைக்கலாம்" என்றார் டாக்டர்.

அதன் பிறகு அந்த மாடியில் கையால் செய்த சேசிகள் பெருகின. நீலத்தாள் கேட்டு ஆட்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் வந்தபோது முதல் மூன்று இடமும் பினாங்கின் கைவேலைக்கே போனது. மேடையில் நின்று அதை 'எங்கள் மரபு' என்றவர் குணசீலன். நான் பல்லைக் கடித்தேன். டாக்டர் என் கையைத் தட்டினார். "நீர் மனசில வைச்சிருக்கிறதெல்லாம் பல்லில வைச்சிருந்தா எல்லாம் விழுந்திருக்கும். விடும். நாங்கள் வெண்டிட்டம்."

நான் விடவில்லை. எனக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. இதை எழுதுவதே அதனால்தான். ஆனால் அவர் விட்டார். வென்றவர்களால் விட முடியும்.

இனி அந்த இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். ஹமீது பாய்க்கு இப்போது இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. கூடத்தின் கடைசி நாற்காலியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டத்தோ, "சங்கம் எப்பவுமே துணை நின்னுச்சு" என்று சொன்ன அந்த நிமிடத்தில், பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். கைலியை விலக்கி, நிதானமாக, ஒரு முழங்காலுக்கும் பிறகு மறு முழங்காலுக்கும் தேய்த்தார். தாராளமாகத் தேய்த்தார். வாசனை எழுந்து நாற்காலி வரிசைகளைத் தாண்டி முன்னால் போனது. டத்தோ நின்றார். மூக்கைத் தொட்டார். சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"என்ன பாய் இது?" என்றேன் மெதுவாக.

"முட்டி காஞ்சு கெடக்கு லா" என்றார்.

கோப்பை சங்கம் இடம் மாறியபோது காணாமல் போனது. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருக்கட்டும். சேசி என்னிடம் இருக்கிறது. பந்தயத்தன்று மாலையே டாக்டர் அதை என் கையில் வைத்தார், திருப்பிக் கேட்கவில்லை. தட்டின் அடியில் அந்த நீலப் பொட்டு தேய்ந்து, தேடினால் மட்டும் தெரிகிறது. வீட்டுக் கண்ணாடி மேசையில் வைத்தால் இன்றும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நேராக்கித் தருகிறேன் என்று போன மாதம் ஒருவர் கேட்டார். தொடாதே என்றேன். அதற்குப் பொருந்திய பாதை இப்போது எங்குமே இல்லை. ஆனால் கீலை விரலால் தூக்கி விட்டால், டக் என்று சரியாக வந்து மூடுகிறது.